திருச்சபை நீதிமன்றத்தில் இத்தனை படிகள் ஏன்? திருத்தந்தையர் போட்ட விதிகளின் வரலாறு

கேள்வி இது: "கத்தோலிக்கத் திருச்சபையில் ஒரு திருமணம் செல்லாது என்று அறிவிக்க மனு, சாட்சி விசாரணை, எதிர்த்து வாதாட ஓர் அதிகாரி, மேல்முறையீடு என்று முழு கோர்ட்டே நடக்கிறது. இந்த நடைமுறை எங்கிருந்து வந்தது? திருத்தந்தையர்கள் (போப்புகள்) இதில் எந்த அளவுக்குக் கைவைத்தார்கள்?"

அடித்தளம் ரோமச் சட்டம். மனு கொடுப்பது, எதிர்த்தரப்பை அழைப்பது, சாட்சிகளை விசாரிப்பது, தீர்ப்பு எழுதுவது எல்லாம் அங்கிருந்து வந்தவை. இரண்டு சாட்சி வேண்டும் என்பதற்கு விவிலியமும் துணை நின்றது. மத்தேயு 18ஆம் அதிகாரத்திலேயே அது இருக்கிறது. ஆனால் இன்று நாம் பார்க்கும் வடிவத்துக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் திருத்தந்தையர்கள்தான். அவர்கள் உட்கார்ந்து திட்டம் போட்டு ஒரே மூச்சில் எழுதிவிடவில்லை. ஏதோ ஒரு வழக்கில் ஒருவருக்கு அநியாயம் நடக்கும், அது ரோம் வரை போகும், அங்கிருந்து ஒரு பதில் வரும், அந்தப் பதில் அடுத்த வழக்குகளுக்கு விதியாகிவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டால், தேவையில்லாத சம்பிரதாயமாகத் தெரியும் பல படிகளுக்குக் காரணம் புரியும்.

ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து தொடங்கலாம். லொத்தாரிங்கியாவின் அரசன் இரண்டாம் லொத்தார் தன் மனைவி தியூட்பெர்காவை விலக்கிவிட்டு வால்டிராடா என்ற பெண்ணை மணக்க விரும்பினான். தியூட்பெர்கா தன் சொந்தச் சகோதரனுடன் தகாத உறவு கொண்டதாகக் குற்றம் சாட்டினான். 858இல் கொதிநீர்ச் சோதனை நடந்தது. அரசி சார்பில் கொதிக்கும் நீரில் கைவிட்டவருக்குக் காயம் இல்லை. அதனால் அவர் குற்றமற்றவர் என்றானது. ஆனாலும் 860இல் ஆகன் நகரில் கூடிய ஆயர்கள் (பிஷப்புகள்) முன்னால் அவரே குற்றத்தை 'ஒப்புக்கொண்டார்'. எப்படி ஒப்புக்கொள்ள வைத்திருப்பார்கள் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. 862இல் மறுமணத்துக்கும் அனுமதி கிடைத்துவிட்டது. அரசி ரோமுக்கு முறையிட்டார். திருத்தந்தை முதலாம் நிக்கோலாஸ் 863இல் அந்தத் தீர்ப்பைச் செல்லாததாக்கி, அதற்குத் துணைபோன கொலோன், டிரியர் பேராயர்கள் இருவரையும் பதவி நீக்கினார். அரசன் கையிலிருக்கும் உள்ளூர் ஆயர்களுக்கு மேலே ஒரு இடம் உண்டு, அங்கே முறையிடலாம் என்பது எல்லோருக்கும் தெரியும்படி நிலைநாட்டப்பட்டது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் இந்த மேல்முறையீடுகள் வெள்ளமாக வர ஆரம்பித்தன. 1140 வாக்கில் போலோஞ்ஞாவில் கிராசியன் என்ற சட்ட அறிஞர் பழைய சட்டங்களையெல்லாம் திரட்டி ஒழுங்குபடுத்தியிருந்தார், ரோமச் சட்டப் படிப்பும் அதே ஊரில் செழித்திருந்தது. ஐரோப்பா முழுவதிலிருந்தும் வரும் வழக்குகளை ரோமிலேயே உட்கார்ந்து விசாரிக்க முடியாது. அதனால் வழக்கு நடந்த ஊருக்குப் பக்கத்திலிருக்கும் ஆயர்களையோ மடாதிபதிகளையோ திருத்தந்தை நீதிபதிகளாக நியமித்தார். இதில் இப்படி விசாரி, இன்ன சாட்சியை ஏற்காதே என்று கடிதத்திலேயே எழுதி அனுப்பினார். மூன்றாம் அலெக்சாண்டர் (1159–1181) அனுப்பிய இத்தகைய கடிதங்கள் பல நூறு கிடைத்திருக்கின்றன. கணிசமானவை இங்கிலாந்துக்குப் போனவை. அங்கிருந்த சட்ட மாணவர்கள் அவற்றைப் படியெடுத்துத் தொகுத்தார்கள். ஒரு கிராமத்துத் தகராறுக்கு வந்த பதில் இப்படித்தான் பொதுச் சட்டமானது.

இந்த முறை எவ்வளவு தேவையாக இருந்தது என்பதை இங்கபோர்க் வழக்கைப் போலக் காட்டும் வழக்கு வேறில்லை. டென்மார்க் இளவரசி இங்கபோர்க்கை பிரான்சு அரசன் இரண்டாம் பிலிப் 1193 ஆகஸ்டில் அமியான் நகரில் மணந்தான். திருமணம் முடிந்த உடனேயே அவளை வேண்டாமென்றான். நவம்பரிலேயே கொம்பியேனில் ஆயர்கள் கூடினார்கள். அரசனுக்கு வேண்டப்பட்டவர்கள் எழுந்து, இவர்கள் இருவருக்கும் திருமணத் தடையான உறவுமுறை இருக்கிறது என்று சத்தியம் செய்தார்கள். திருமணம் செல்லாது என்று அறிவித்தாயிற்று. அந்தப் பெண்ணுக்குப் பிரெஞ்சு தெரியாது. அவளுக்காகப் பேச வழக்கறிஞர் யாரும் இல்லை. மொழிபெயர்த்துச் சொன்ன பிறகுதான் என்ன நடந்ததென்றே புரிந்தது. "கெட்ட பிரான்சு! ரோம்! ரோம்!" என்று தனக்குத் தெரிந்த ஓரிரு இலத்தீன் சொற்களில் கத்தினாள். அது சட்டப்படி மேல்முறையீடு.

திருத்தந்தை மூன்றாம் செலஸ்டின் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார். பிலிப் காதில் வாங்கவில்லை, 1196இல் வேறொருத்தியை மணந்துகொண்டான். அடுத்து வந்த மூன்றாம் இன்னசென்ட் 1200இல் பிரான்சில் பொது வழிபாட்டுக்கே தடை விதித்தார். அப்போதும் முடியவில்லை. இங்கபோர்க் மீண்டும் அரசியாக ஏற்கப்பட்டது 1213இல். இருபது ஆண்டுகள், பெரும்பகுதி காவலில். விதி எழுதுவது ஒன்று, அதை ஓர் அரசன்மேல் செலுத்துவது இன்னொன்று. இதை மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

இந்த வழக்கை ஆண்டுக்கணக்கில் கையில் வைத்திருந்த அதே மூன்றாம் இன்னசென்ட்தான் 1215இல் நான்காம் இலாத்தரன் சங்கத்தை, அதாவது ஆயர்களின் பொதுக் கூட்டத்தை, கூட்டினார். திருச்சபை நீதிமன்ற வரலாற்றில் ஒரே ஒரு ஆண்டை நினைவில் வைக்கச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். அந்தச் சங்கத்தின் 18ஆம் விதி, கொதிநீர், குளிர்நீர், பழுக்கக் காய்ச்சிய இரும்பு ஆகிய சோதனைகளுக்குக் குருக்கள் ஆசி வழங்கக் கூடாது என்றது. ஆசி இல்லாமல் அந்தச் சோதனைகளுக்கு மதிப்பில்லை. இங்கிலாந்தின் அரசு நீதிமன்றங்கள் இதனால் தவித்துப்போயின. ஊர்க்காரர்கள் பன்னிருவரைக் கூட்டிக் குற்றவியல் தீர்ப்புக் கேட்கும் ஜூரி முறை அங்கே வலுப்பெற்றதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

8ஆம் விதி இன்னும் ஆழமானது. அதுவரை குற்றம் சாட்டுகிறவர் தன் பெயரைக் கொடுத்து, நிரூபிக்க முடியாவிட்டால் அதே தண்டனையை ஏற்கவும் தயாராக இருக்க வேண்டும். அதிகாரத்தில் இருக்கும் ஓர் ஆயர்மேல் யார் அப்படித் துணிந்து புகார் கொடுப்பார்கள்? ஊர் முழுக்கப் பேச்சு இருந்தால், புகார்தாரர் இல்லாமலேயே மேலதிகாரி தானாக விசாரிக்கலாம் என்றார் இன்னசென்ட். ஆனால் கடிவாளமும் போட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் நேரில் இருக்க வேண்டும். என்ன குற்றச்சாட்டு என்று அவருக்குச் சொல்ல வேண்டும். சாட்சி சொன்னது மட்டுமல்லாமல் சாட்சியின் பெயரும் தெரிவிக்கப்பட வேண்டும். அவருடைய எதிர்வாதங்களைக் கேட்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது 38ஆம் விதி. அதிகம் பேசப்படாத விதி. ஒரு நீதிபதி 'உனக்குச் சம்மன் அனுப்பினேன், நீ வரவில்லை' என்று பொய் சொன்னால், வரவில்லை என்ற பழியிலிருந்து ஓர் அப்பாவி எப்படித் தப்புவான்? நடக்காத ஒன்றை நடக்கவில்லை என்று எப்படி நிரூபிப்பான்? அதனால் ஒவ்வொரு நீதிபதியும் ஒரு பொது எழுத்தரையோ தகுதியான இருவரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு சம்மன், ஒத்திவைப்பு, ஆட்சேபம், கேள்வி, பதில், வாக்குமூலம், ஆவணம், மேல்முறையீடு என எல்லாவற்றையும் இடம், நேரம், ஆட்களின் பெயரோடு எழுத வைக்க வேண்டும். இரு தரப்புக்கும் நகல் தர வேண்டும், மூலம் எழுத்தரிடம் இருக்க வேண்டும். இன்றும் திருச்சபை நீதிமன்றத்தில் நோட்டரி கையெழுத்து இல்லாத விசாரணைப் பதிவு செல்லாது. நீதிபதியையே நம்பாமல் போட்ட விதி இது. அதையும் நீதிபதிகளுக்கெல்லாம் தலைமை நீதிபதியே போட்டார் என்பது பெரிய விஷயம்.

1234இல் ஒன்பதாம் கிரகோரி, பெஞாபோர்ட் ரெய்முண்ட் என்ற சட்ட அறிஞரைக் கொண்டு அதுவரையிலான கடிதங்களைச் சலித்து ஐந்து புத்தகங்களாக வெளியிட்டார். அதில் இரண்டாவது புத்தகம் முழுக்க நீதிமன்ற நடைமுறைதான். அதை போலோஞ்ஞா, பாரிஸ் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பி, இனி இதையே நீதிமன்றங்களிலும் வகுப்புகளிலும் பயன்படுத்த வேண்டும் என்றார். 1917 வரை, கிட்டத்தட்ட ஏழு நூற்றாண்டுகள், அது சட்டமாக இருந்தது.

இதே வரலாற்றில் ஒரு கறையும் இருக்கிறது. இன்னசென்ட் கொண்டுவந்த அந்த விசாரணை முறையை எடுத்து, கடிவாளங்களைக் கழற்றிவிட்டு, மதவிரோதக் குற்ற விசாரணைகளில் பயன்படுத்தினார்கள். 1252இல் நான்காம் இன்னசென்ட் சித்திரவதைக்கு அனுமதி கொடுத்தார். 1298இல் எட்டாம் போனிபாஸ் வெளியிட்ட தொகுப்பு, சாட்சிக்கு ஆபத்து இருந்தால் அவர் பெயரை மறைக்கலாம் என்றது. 1215இல் வெளிப்படையாகச் சொல்லச் சொன்ன அதே பெயர்! அவசர காலம், அபாயகரமான எதிரி என்று சொல்லி எழுதப்பட்ட விதிவிலக்குகள் பிறகு நூற்றாண்டுகள் நின்றன. திருத்தந்தையரின் செல்வாக்கு நன்மை மட்டுமே செய்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பதினான்காம் நூற்றாண்டுக்கு வரும்போது பிரச்சினை தலைகீழாகிவிட்டது. பாதுகாப்புகள் பெருகி, வழக்குகள் முடியாமல் இழுத்தன. ஐந்தாம் கிளமெண்ட் அதற்கு ஒரு வழி சொன்னார். குருக்களின் பதவி மானியம், பத்திலொரு பங்குக் காணிக்கை, வட்டி, திருமணம் போன்ற வழக்குகளை 'எளிமையாக, நேராக, நீதிமன்ற ஆரவாரமும் சடங்கும் இல்லாமல்' நடத்தலாம் என்றார். அப்படியென்றால் என்ன என்று நீதிபதிகளுக்குள் குழப்பம் வந்ததும் தனி ஆணையாகவே விளக்கினார்: முறையான எழுத்து மனு கட்டாயமில்லை, விடுமுறை நாளிலும் உட்காரலாம், இழுத்தடிக்கும் ஆட்சேபங்களைத் தள்ளலாம், தேவையில்லாத சாட்சிக் கூட்டத்தைக் குறைக்கலாம். ஆனால் தேவையான சாட்சியத்தையும் நியாயமான எதிர்வாதத்தையும் குறைக்கக் கூடாது, எதிர்த்தரப்பை அழைக்காமல் இருக்கக் கூடாது. எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்ற இந்தக் கோடு இன்றுவரை அழியவில்லை.

கிளமெண்டின் இன்னொரு ஆணையும் முக்கியம். பேரரசன் ஏழாம் ஹென்றி 1313இல் நேப்பிள்ஸ் அரசன் இராபர்ட்டுக்கு, அவன் இல்லாமலேயே, மரண தண்டனை விதித்தான். கிளமெண்ட் அதை ரத்து செய்தபோது, தற்காத்துக்கொள்ளும் உரிமை இயற்கைச் சட்டத்திலிருந்து வருகிறது, பேரரசனாலும் அதைப் பறிக்க முடியாது என்றார். அதில் அரசியலும் இருந்தது. இராபர்ட் திருத்தந்தைக்குக் கீழ்ப்பட்ட அரசன். இருந்தாலும் அந்த வாதம் சொன்னவரின் நோக்கத்தைத் தாண்டி வளர்ந்துவிட்டது. அப்புறம், இதே கிளமெண்ட்தான் பிரெஞ்சு அரசனின் நெருக்கடியில் டெம்ப்ளர் துறவுப் படையை 1312இல் கலைத்தார். அது நீதிமன்றத் தீர்ப்பாக இல்லை, நிர்வாக ஏற்பாட்டு ஆணையாகத்தான் வருகிறது என்று ஆணையிலேயே எழுதினார். குற்றம் நிரூபிக்கப்படாமலே ஓர் அமைப்பு ஒழிந்தது. விதியை எழுதும் அதிகாரமும் விதியைத் தாண்டும் அதிகாரமும் ஒரே கையில் இருப்பதன் சிக்கல் இது. திருத்தந்தையை யாரும் நியாயந்தீர்க்க முடியாது என்பது இன்றைய சட்டத் தொகுப்பிலும் 1404ஆம் விதியாக இருக்கிறது.

ரோமிலேயே வழக்கு கேட்ட குருக்கள் குழு மெல்ல மெல்ல ரோட்டா என்ற நிரந்தர நீதிமன்றமானது. இருபத்திரண்டாம் ஜான் 1331இல் அதற்கு ஒழுங்குமுறை கொடுத்தார், நான்காம் சிக்ஸ்டஸ் 1472இல் நீதிபதிகள் பன்னிருவர் என்று நிர்ணயித்தார். திரிதெந்து சங்கம் 1563இல் பங்குக் குருவும் இரண்டு சாட்சிகளும் இல்லாத திருமணம் செல்லாது என்றது. இருவர் தனியே பேசிக்கொண்டதாகச் சொல்லும் மணங்களை நிரூபிக்க முடியாமல் நீதிமன்றங்கள் திணறியது அதோடு பெருமளவு தீர்ந்தது.

இப்போது நீங்கள் கேட்ட 'எதிர்த்து வாதாடும் அதிகாரி'. அவர் பதினான்காம் பெனடிக்டின் படைப்பு. புரோஸ்பெரோ லம்பெர்த்தினி என்ற இந்தப் போலோஞ்ஞாக்காரர் திருத்தந்தை ஆவதற்கு முன் சுமார் இருபது ஆண்டுகள் புனிதர் பட்ட வழக்குகளில் ஆட்சேபம் எழுப்பும் அதிகாரியாக இருந்தவர். ஒருவரைப் புனிதர் என்று எல்லோரும் சொல்லும்போது, 'பொறுங்கள், இதற்கு என்ன ஆதாரம்?' என்று கேட்பது அவர் வேலை. திருமண வழக்குகளில் அப்படிக் கேட்க யாரும் இல்லை என்பது அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். கணவன் மனைவி இருவருக்குமே பிரிய விருப்பம் என்றால் இருவரும் சேர்ந்து ஒரே கதையைச் சொல்லலாம். அல்லது ஒருவர் வராமலே இருந்துவிடலாம். நீதிபதி முன்னால் எதிர்வாதமே இல்லை. இது பல இடங்களில், குறிப்பாகப் போலந்தில், பெரிய முறைகேடாகியிருந்தது.

1741 நவம்பர் 3 அன்று அவர் வெளியிட்ட ஆணைப்படி, ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் திருமணப் பிணைப்பின் பாதுகாவலர் ஒருவர் இருக்க வேண்டும். அவரை அழைக்காமல் நடந்த விசாரணை செல்லாது. திருமணம் செல்லாது என்று தீர்ப்பு வந்தால் அவர் மேல்முறையீடு செய்தே ஆக வேண்டும். இரண்டாவது நீதிமன்றமும் அதையே சொன்னால்தான் மறுமணம் செய்யலாம். நல்ல மருந்து. ஆனால் வேறொரு காலத்து நோய்க்கான மருந்து என்பதால் பின்னால் அதுவே சுமையாகவும் மாறியது. உண்மையாகவே செல்லாத திருமணத்தில் சிக்கியவர்களும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

1870இல் திருத்தந்தை ஆட்சி செய்த நாடு வீழ்ந்தபோது ரோட்டாவும் செயலற்றது. பத்தாம் பயஸ் 1908இல் அதை மீட்டார். அவர் தொடங்கிய சட்டத் தொகுப்பைப் பதினைந்தாம் பெனடிக்ட் 1917இல் வெளியிட்டார். நான்காம் புத்தகம் நடைமுறைச் சட்டம்.

விதிகளுக்கு வெளியே, உரைகள் வழியாகவும் திருத்தந்தையர் நீதிமன்றங்களை வழிநடத்தியிருக்கிறார்கள். பன்னிரண்டாம் பயஸ் 1942 அக்டோபரில் ரோட்டா நீதிபதிகளிடம், தீர்ப்புக்கு எவ்வளவு உறுதி வேண்டும் என்று விளக்கினார். சந்தேகத்துக்கு இடமே இல்லாத கணித உறுதி தேவையில்லை. அதிகச் சாத்தியம் என்பதும் போதாது. நியாயமான, காரணமுள்ள சந்தேகம் எதுவும் மிஞ்சாத அளவுக்கு நீதிபதியின் மனம் உறுதியடைய வேண்டும். இதைத்தான் தார்மீக உறுதி என்கிறார்கள். இரண்டாம் ஜான் பால் 1987இல் அதே மேடையில், மணவாழ்வு கஷ்டமாக இருப்பதும் மணவாழ்வுக்கு மனதளவில் தகுதியே இல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல, உளவியல் அறிக்கையை அப்படியே தீர்ப்பாக்கிவிடாதீர்கள் என்றார்.

விதிகளும் இளகத் தொடங்கின. 1971இல் ஆறாம் பவுல், இரண்டாவது நீதிமன்றம் முழு விசாரணை நடத்தாமல் ஓர் ஆணை மூலமே முதல் தீர்ப்பை உறுதி செய்யலாம் என்றார். மூன்று நீதிபதிகளில் குருவல்லாத பொதுநிலையினர் ஒருவர் உட்காரவும் வழி திறந்தது. அப்போது ஆண்கள் மட்டும், 1983இல் வந்த புதிய சட்டத் தொகுப்பில் பெண்களும்.

2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் 274 ஆண்டுகள் நின்ற இரட்டைத் தீர்ப்புக் கட்டாயத்தை எடுத்துவிட்டார். அந்த ஆண்டு டிசம்பர் 8 முதல் ஒரு தீர்ப்பு போதும், யாரும் மேல்முறையீடு செய்யாவிட்டால். கணவன் மனைவி இருவரும் சம்மதித்து, காரணமும் வெளிப்படையாக இருந்தால், ஆயரே தீர்மானிக்கும் குறுகிய வழியும் வந்தது. அதில் ஆயருக்கு உறுதி வராவிட்டால் மனுவைத் தள்ள மாட்டார், வழக்கமான விசாரணைக்கு அனுப்புவார். நீதிமன்றப் பணியாளருக்கு நியாயமான ஊதியம் கொடுத்து, மக்களுக்கு முடிந்தவரை இலவசமாக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். கிளமெண்ட் போட்ட கோட்டை இங்கேயும் பார்க்கலாம்: பிணைப்பின் பாதுகாவலர் நீக்கப்படவில்லை, அவருடைய மேல்முறையீட்டு உரிமையும் இருக்கிறது, எதிர்த்தரப்பை அழைக்காமல் எதுவும் நடக்காது. இரட்டைத் தீர்ப்பை எடுத்தது சரியென்றே நினைக்கிறேன். குறுகிய வழியில் மட்டும், லம்பெர்த்தினி பயந்த அந்தக் கூட்டுக் கதை திரும்பி வராமல் பாதுகாவலர்கள் விழிப்பாக இருக்க வேண்டும்.

குற்ற வழக்குகளில் நிலைமை இன்னும் திருப்தியாக இல்லை. சிறார்மீதான பாலியல் குற்றங்களை 2001இல் இரண்டாம் ஜான் பால் ரோமின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்துக்கு ஒதுக்கினார். 2019 டிசம்பரில் பிரான்சிஸ் இவ்வழக்குகளிலிருந்து 'திருத்தந்தை இரகசியம்' என்ற கடுமையான இரகசியக் காப்பை நீக்கினார். ஆனால் திருச்சபையின் குற்றவியல் விசாரணையில் பாதிக்கப்பட்டவர் இன்னும் ஒரு தரப்பு கிடையாது, இழப்பீடு கேட்டு இணைந்தால் ஒழிய. 1215இல் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொடுத்த கவனத்தில் ஒரு பங்காவது பாதிக்கப்பட்டவருக்கும் சட்டத்தில் கிடைத்தாக வேண்டும். அதையும் ஒரு திருத்தந்தைதான் செய்ய முடியும்.

கடைசியாக, இதைப் படிக்கும் யாராவது சொந்த வழக்கை மனதில் வைத்திருந்தால் ஒன்று கவனியுங்கள். மறைமாவட்டத் தீர்ப்பாயம் உங்கள் திருமணம் செல்லாது என்று அறிவித்தாலும் இந்தியச் சட்டப்படி அந்தத் திருமணம் அப்படியே இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 1996இலும், மறுபடி 2017 ஜனவரியிலும் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அரசு நீதிமன்றத்தில் விவாகரத்தோ செல்லாமை ஆணையோ வாங்காமல் மறுமணம் செய்தால் இருதார மணக் குற்றமாகும். திருச்சபைத் தீர்ப்பு தேவாலயத்தில் மறுமணம் செய்வதற்கு. அரசுத் தீர்ப்பும் கையில் இருக்க வேண்டும்.